அரைப் பேர்

சாமான் பட்டியலில் நாற்பத்தோராவது வரி:
முக்காலி, கறுப்பு மரம், மணி தைத்தது. ஒன்று.
முக்காலி என்று எழுதியது நான்தான்.
அதற்குக் காலே கிடையாது.
ஒரு பாம்பு சுருண்டு பலகையைத் தாங்குகிறது,
இரண்டு முனையிலும் தலை.

லிந்துலை மேற்பிரிவு பங்களாவை
ஓட்டல் கம்பனி எடுத்த மாசம்
மழை விடவே இல்லை.
பித்தளை விளக்கு, மான் கொம்பு, ஊமைப் பியானோ,
தவமலர் ஒவ்வொன்றாய்க் காட்டக் காட்ட எழுதினேன்.
பதினொரு வருசமாய் அந்த வீட்டைத் துடைக்கிறவள்.
பியானோ அவளுக்குப் பல்லுப்பெட்டி.
இதை மட்டும் 'அவுங்க' என்றாள்.
"அவுங்கள ஈரத்துணியால தொடக்கூடாது சார்,
நூலு இத்துப் போயிரும்."

மதிப்புப் போடக் கொழும்பிலிருந்து மௌஜூத் வந்தார்,
காலுறைக்குள் அட்டை ஏறிய எரிச்சலோடு.
கவிழ்த்துப் பார்த்தார். அடியில்
வெள்ளை மையில் 217.
எந்தத் துரை, எந்தக் கப்பலில்,
எதற்குக் கொண்டு வந்தான்?
பழைய பேரேட்டில் உரத்துக்கும் மண்வெட்டிக்கும்
கணக்கு இருக்கிறது, இதற்கு இல்லை.

சிக்னல் தேடி ரோசாப்பாத்தி வரை போய்
நனைந்து திரும்பினார்.
"கேமரூன் பக்கம், பாமும் ராச்சியம்.
இரட்டைத்தலைப் பாம்பு அரண்மனை முத்திரையாம்,
ஒரே சமயம் ரெண்டு பக்கமும்
சண்டை பிடிச்சு வென்ற ராசாவுக்கு."

"ராசா குந்துன பலகையா?"

"இருக்கலாம். சந்தையில்
வெள்ளைக்காரனுக்கு விற்கச் செதுக்கினதாகவும் இருக்கலாம்.
மரம் வாய் திறக்காதே."

பிறகு வில்லையைக் கண்ணில் வைத்து
மணி மணியாய் ஊர்ந்தார்.
நீலம், வெள்ளை, நீலம், நீலம்.
வலது தலைக்குக் கீழே நின்றார்.
"இது கண்ணாடி இல்லை. பிளாஸ்டிக்."

"முப்பத்தாறு மணி சார்," என்றாள், மறைக்காமல்.
"எலி கடிச்சு ஒரு தல மட்டும் மொட்டையா நின்னுச்சு.
மகளோட மாலய அறுத்துக் கோத்தேன்.
தலவாக்கல பஸ் ஸ்டாண்டுல வாங்குனது."

மௌஜூத் முகம் சுளிக்கவில்லை. நல்ல மனுசன்.
தாளில்தான் எழுதினார்:
பழுது பார்த்தது சரியில்லை. மதிப்பு பாதி.

பாதி.
அந்தச் சொல்லோடு எனக்குப் பழக்கம் உண்டு.
பதினாறு வருசம் செக்ரோல் எழுதிய கை இது.
பதினெட்டுக் கிலோவுக்கு ஒன்றரை குறைந்தால்
அரைப் பேர்.
நின்ற கால், நனைந்த படங்கு,
ஏறி இறங்கிய மலை எல்லாம் முழுசு,
பேர் மட்டும் அரை.
தவமலருக்கும் போட்டிருக்கிறேன்,
அந்த மகள் வயிற்றில் இருந்தபோது.
ஒரு புதன்கிழமை.
தராசு முள்ளை அவள் பார்க்கவில்லை,
என் பேனாவைப் பார்த்தாள்.

இப்போது சிரித்தாள்.
"அவுங்களுக்கும் அரப்பேரா சார்?"
என்னைக் கேட்டாளோ பாம்பைக் கேட்டாளோ,
நான் தாளைப் புரட்டினேன்.

பிளாஸ்டிக்கை எடுத்துவிடச் சொன்னது கம்பனி.
தைத்தவளே பிளேடால் அறுத்தாள்.
தரையெல்லாம் மணி உருண்டது.
அவளும் நானும் முழங்காலில்,
சோபாவுக்கு அடியில், கம்பளத்து மடிப்பில்,
பொறுக்கி எண்ணினோம். முப்பத்தைந்து.
மறுபடி எண்ணினோம். முப்பத்தைந்து.

லொறிக்காரன் ஹார்ன் அடிக்கிறான்.
சாக்கைச் சுற்றும்போதுதான் கண்டேன்,
மொட்டைத் தலையின் திறந்த வாய்க்குள்
ஒரு நீலம்.
விரல் விடப் போனேன்.
தவமலர் என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
முதல் தடவையாக.

"இருக்கட்டும் சார்.
வழிச் செலவுக்கு."